முதல் தொட்டிக்கு எந்த மீன்?

“சார், வீட்டில் மீன் வளர்க்கப் போகிறேன். சாகாத மீனாக ஒன்று சொல்லுங்கள்!”

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் என்னிடம் மாணவர்கள் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. இயற்பியல் ஆசிரியருக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். வெப்பம், கரைதிறன், பரப்பு, ஆவியாதல் ஆகியவற்றைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? தொட்டி மீனின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இவைதாம்.

சாகாத மீன் உலகில் இல்லை. எல்லா ஊருக்கும் பொருந்தும் ‘எளிய மீன்’ என்றும் ஒன்று இல்லை. உங்கள் ஊர் வெயிலையும் உங்கள் வீட்டு நீரையும் தாங்குகிற மீன் எதுவோ, அதுவே உங்களுக்கு எளிய மீன். ஆனால் எல்லாவற்றையும் தாங்கி, விரைவாகப் பெருகும் மீன் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிய தொல்லையாகவும் ஆகிவிடும். ஆகவே முதல் மீனைத் தேர்ந்தெடுக்கும்போது நம் வீட்டுத் தொட்டியை மட்டும் நினைத்தால் போதாது. ஊர் ஏரியையும் நினைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போமா?

கண்ணாடிக் குடமும் தங்க மீனும்

மீன் வளர்ப்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஓர் உருண்டைக் கண்ணாடிக் குடமும் அதில் நீந்தும் தங்க மீனும்தான். சினிமாவிலும் காலண்டர் படத்திலும் இதைப் பார்த்துப் பழகிவிட்டோம். என்னைக் கேட்டால், தொடக்கநிலையில் இருப்பவர்கள் செய்யக்கூடாத முதல் காரியம் இதுதான் என்பேன்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டைக் குடம் ஒன்றை, 12 செ.மீ. அகலமுள்ள அதன் வாய் வரை நிரப்புகிறீர்கள். அதில் சுமார் 8 லிட்டர் நீர் இருக்கும். காற்றைத் தொடும் நீர்ப்பரப்போ ஏறக்குறைய 113 சதுர செ.மீ.தான். இப்போது 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள சாதாரணச் செவ்வகத் தொட்டியில் 27 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றுங்கள். நீர் 48 லிட்டருக்குச் சற்று மேல். நீர்ப்பரப்பு 1800 சதுர செ.மீ. அதாவது, நீர் 6 மடங்கு ஆகும்போது பரப்பு 16 மடங்கு ஆகிவிடுகிறது!

மீன் சுவாசிக்கும் பிராணவாயு (அதுதான் ஆக்சிஜன்) காற்றிலிருந்து நீருக்குள் புகுவது இந்தப் பரப்பின் வழியாகத்தான். மீன் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறுவதும் இதே வழியில்தான். வாய் குறுகிய குடம், சன்னலை ஏறக்குறைய மூடிவிட்ட அறையைப் போன்றது.

தங்க மீன் சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் குளங்களில் வளர்க்கப்பட்டுவரும் கெண்டை இனம். குளிர்ந்த நீரே அதற்கு உகந்தது. கடையில் விரல் நீளம் இருப்பது, நன்றாக வளர்ந்தால் ஒரு சாண் அளவுக்கு ஆகும். நிறையத் தின்னும், நிறையக் கழிவும் விடும். அப்படிப்பட்ட மீனை 8 லிட்டர் நீரில் விட்டுச் சித்திரை வெயிலில் வைத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? ‘மீன் ராசி இல்லை’ என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லாம் கரைதிறன் செய்யும் வேலை!

வெயிலும் நீரும்

சர்க்கரை சூடான நீரில் அதிகம் கரையும். வாயுக்கள் அப்படி அல்ல; நீர் சூடாகச் சூடாகக் குறைவாகவே கரையும். ஒரு லிட்டர் நன்னீரில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 9.1 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் இது 7.6 மில்லிகிராமாகவும், 35 டிகிரியில் ஏறத்தாழ 7 மில்லிகிராமாகவும் குறைகிறது.

மீன் குளிர் இரத்தப் பிராணி. நீர் சூடாகும்போது அதன் உடலும் சூடாகி, உடலில் நடக்கும் இரசாயன வினைகள் வேகம் பெறுகின்றன. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் அதன் பிராணவாயுத் தேவை ஏறக்குறைய இரு மடங்காகும். வரவு குறையும் வேளையில் செலவு கூடுகிறது. திருவண்ணாமலையில் கோடையில் காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. பிற்பகலில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அவை பசியால் தவிக்கின்றன என்று எண்ணி உணவு போடாதீர்கள். மூச்சுக்குத் தவிக்கின்றன!

இதற்கு நம் வீட்டு மண்பானையே வழி காட்டுகிறது. தொட்டியின் கெட்டி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணியால் மூடி, மின்விசிறிக் காற்று நீர்மட்டத்தில் படும்படி செய்யுங்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும். 48 லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க, அதிலிருந்து சுமார் 85 கிராம் நீர் ஆவியானால் போதும். அரைத் தம்ளருக்கும் குறைவு! (வெளியிலிருந்து வெப்பம் புகாத நிலையில் இந்தக் கணக்கு. ஆகவே நடைமுறையில் இதைவிட அதிகமாகவே ஆவியாக வேண்டியிருக்கும்.) கோடையின் வறண்ட காற்றில் இந்த முறை நன்றாகவே பலிக்கும்.

அடுத்து, நீரின் தன்மை. எங்கள் ஊர் மலையடிவாரத்துப் பாறை நிலம். இங்கே பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். உங்கள் வீட்டு நீர் எப்படி என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. சோப்பு எளிதில் நுரைக்கிறதா? குழாய் வாயிலும் வெந்நீர்ப் பாத்திரத்திலும் வெள்ளைப் படிவு ஏறுகிறதா? நுரைக்காமல் படிவு ஏறினால் அது கடினநீர்; கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்தது.

கடையில் விளக்கொளியில் நீலமும் சிவப்புமாக மின்னும் நியான் டெட்ரா மீனைப் பார்த்திருப்பீர்கள். அது தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியில், மரநிழலில் ஓடும் மென்னீரில் பிறந்த இனம். கடினநீரும் 33, 34 டிகிரிச் சூடும் அதற்கு ஒத்துவராதவை. பெங்களூரில் உறவினர் வீட்டில் நன்றாக இருக்கும் மீன் நம் வீட்டில் மாண்டுபோவதற்குக் கைராசி காரணமல்ல.

நான் சிபாரிசு செய்யும் மீன்கள்

இந்த அளவுகோல்களை வைத்துத் தேடினால் நமக்குச் சில நல்ல மீன்கள் கிடைக்கின்றன.

கப்பி: டிரினிடாட் தீவிலிருந்து 1866-ஆம் ஆண்டு வாக்கில் இலண்டனுக்கு இந்த மீனை அனுப்பிய கப்பி என்பவரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. கடினநீரும் வெப்பமும் இதற்குப் பழக்கமானவை. முட்டையிடாமல் குஞ்சு போடும். ஓர் யோசனை: ஆண் மீன்களை மட்டும் வாங்குங்கள். அழகிய வண்ண வால் ஆணுக்குத்தான் உண்டு. கடையில் வாங்கும் பெண் கப்பி ஏற்கெனவே சினையாக இருக்கும். ஆணின் விந்தைப் பல மாதங்கள் உடலில் சேமித்துவைத்து அடுத்தடுத்துக் குஞ்சு போடும். நான்கு மீன் ஆறு மாதத்தில் நூறாகிவிட்டால் எங்கே வைப்பீர்கள்?

மாலி: கடினநீரை விரும்பும் மற்றொரு மீன். கப்பியைவிடச் சற்றுப் பெரிது. இதிலும் ஆண்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஃபைட்டர்: தாய்லாந்துப் பக்கத்து மீன். செவுள் தவிர, காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு ஒன்றும் இதன் தலைக்குள் உண்டு. நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கும் இதே ஏற்பாடு இருக்கிறது. ஆகவே நீரில் பிராணவாயு குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் சண்டையில் ஒன்று மாளும். ஒரு தொட்டிக்கு ஒன்றே போதும். ‘தாக்குப்பிடிக்கும்’ என்பதற்காக இதை ஒரு சிறு புட்டியில் அடைத்து மேசைமீது வைப்பதை நான் ஏற்பதில்லை. தாக்குப்பிடிப்பது வேறு, நலமாக வாழ்வது வேறு.

வரிமீன்: வரிக்குதிரை போல் நீலக் கோடுகள் கொண்ட இந்தச் சிறு மீன் நம் நாட்டு மீன். கங்கைச் சமவெளியின் மீன்களைப் பற்றி பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட நூலில்தான் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. வயல்நீரிலும் ஓடையிலும் வாழ்வதால் குளிரும் வெப்பமும் மாறி மாறி வருவதைத் தாங்கும். இன்று உலகெங்கும் உயிரியல் ஆய்வுக்கூடங்களில் இது நீந்திக்கொண்டிருக்கிறது. மனிதனின் மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இணையான மரபணு இந்த மீனிடம் இருப்பதாக 2013-இல் கண்டார்கள். இதைக் கூட்டமாக வைக்க வேண்டும். ஆறு மீனாவது இருந்தால்தான் அச்சமின்றித் திரியும்.

அயிரை: குழம்பில் பார்த்த அயிரையைத் தொட்டியில் பார்த்திருக்கிறீர்களா? அடிமணலில் திரிந்து மிச்ச உணவைப் பொறுக்கித் தின்னும், மணலில் புதைந்துகொள்ளும், அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து ஒரு வாய்க் காற்றுக் குடித்துவிட்டுப் போகும். அதற்கு நம் ஊர் நீரும் வெயிலும் புதிதல்ல.

வாய்க்காலிலும் ஏரிக்கரை ஓரத்திலும் நீர்மட்டத்தை ஒட்டி அசையாமல் நிற்கும் ஒரு சிறு மீனையும் கவனித்திருப்பீர்கள். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல் மின்னும். கொசுப்புழு என்றால் அதற்கு விருந்து. அதுவும் தொட்டிக்கு ஏற்றதே. ஆனால் துள்ளிக் குதிக்கும். துணி மூடி அவசியம்.

கடையில் விற்கும் வெளிநாட்டு மீன்தான் அழகு, நம் ஏரி மீன் அழகில்லை என்று யார் சொன்னது? மீனவரிடம் கேட்டால் வலையில் வந்த நான்கைந்தை உயிரோடு தருவார். தூண்டிலில் பிடித்த மீன் வேண்டாம்; வாயில் புண் இருக்கும். கட்லா, ரோகுக் குஞ்சுகளைச் சிறு கெண்டை என்று எண்ணிக் கொண்டுவந்துவிடவும் வேண்டாம். அவை கிலோக் கணக்கில் வளர்பவை.

அவசரம் வேண்டாம்

எவ்வளவு எளிய மீனானாலும் புதுத் தொட்டியில் முதல் நாளே இருபது மீனை விட்டால் பிழைக்காது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. அது மீனுக்கே நஞ்சு. ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தப் பாக்டீரியாக்கள் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் போதுமான அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை மூன்று, நான்கு மீன்களோடு நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். ‘சுத்தம்’ என்று சொல்லித் தொட்டி முழுவதையும் கழுவிக் கவிழ்த்தால் அந்த நல்ல பாக்டீரியாக்களையும் கழுவி விடுகிறீர்கள். பஞ்சை, வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே அலசினால் போதும்.

நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கலாம். அகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வைத்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே உணவு போடுங்கள். கோயில் குளத்தில் போடுவதுபோல் தொட்டியில் பொரி போடாதீர்கள். ஊறி அழுகி நீரைக் கெடுக்கும்.

தமிழ்நாட்டில் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர்பெற்றது சென்னையிலுள்ள கொளத்தூர். அங்கிருந்து வரும் மீன் வேறு நீரில் வளர்ந்தது. பையோடு கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, இரு நீரின் வெப்பநிலையும் ஒன்றானபின், தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, அதன் பிறகே மீனை விடுங்கள்.

தொட்டியிலிருந்து ஏரிக்கு

ஜிலேபி மீனை அறியாதவர் நம்மில் உண்டா? எந்த ஏரியில் வலை வீசினாலும் வருகிறது. நம் ஊர் மீன் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஆப்பிரிக்க மீன். உணவுக்காக வளர்க்கலாம் என்று 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. சூடு, கலங்கல், குறைந்த பிராணவாயு எதையும் பொறுத்துக்கொள்ளும். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காப்பதால் குஞ்சுகள் அதிகம் பிழைக்கும். விளைவு, பல நீர்நிலைகளில் நம் உள்ளூர் மீன்களின் உணவும் இடமும் அதன் வசமாயின. ‘வளர்க்க எளிது’ என்ற அதே குணம்தான், ‘கட்டுப்படுத்தக் கடினம்’ என்று மாறியது!

இன்று அந்த வரிசையில் சேர்ந்திருப்பது ‘டேங்க் கிளீனர்’ என்று கடையில் விற்கும் சக்கர் மீன். விரல் நீளத்தில் வாங்குகிறோம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் ஒரு அடிக்கும் மேல் வளரும். தொட்டி போதாமல் போனதும் ‘பாவம், பிழைத்துப் போகட்டும்’ என்று ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அதன் உடல் முழுவதும் கவசம் போன்ற தகடுகள்; கொக்கும் விராலும் எளிதில் தின்ன முடியாது. கரையில் வளை தோண்டும், மீனவரின் வலையைக் கிழிக்கும், விற்றாலும் வாங்குவாரில்லை. சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் இது பெருகியிருக்கிறது. ஆகவே முதல் தொட்டிக்கு மட்டுமல்ல, எந்தத் தொட்டிக்கும் சக்கர் மீன் வேண்டாம் என்பேன். பாசியைத் துடைக்க ஒரு பஞ்சும் உங்கள் கையும் போதும்.

‘ஒரு மீன்தானே சார்? குட்டையில்தானே விடுகிறேன்?’ என்று கேட்பீர்கள். நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாக அமைத்தார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் போகும். கடைசியில் ஆற்றைச் சேரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை எங்கள் மாவட்டத்தை உலுக்கியபோது, தென்பெண்ணையின் குறுக்கேயுள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,60,000 கனஅடிக்கும் மேல் நீர் பாய்ந்தது. அத்தகைய வெள்ளத்தில் எது குட்டை, எது ஏரி, எது ஆறு? கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு, அமேசானின் இராட்சத மீனான அரபைமா அங்குள்ள ஆற்று வலைகளில் சிக்கியது. வளர்ப்பவர்களிடமிருந்து வெள்ளம் அடித்துச் சென்றவை அவை.

கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னக் கப்பியையும் கம்பூசியாவையும் சுகாதாரத் துறையினரே விடுகிறார்களே என்று நீங்கள் மடக்கலாம். நல்ல கேள்விதான். கட்டுமானக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுவது ஒன்று. திறந்த ஏரியில் விடுவது வேறொன்று. கொசுப்புழுவைத் தின்னும் வேலையைச் செய்ய, வெள்ளிப் பொட்டு மீன் போன்ற நம் நாட்டு இனங்கள் ஏரியில் ஏற்கெனவே இருக்கின்றன.

‘உயிரை விடுதலை செய்வது புண்ணியம் அல்லவா?’ என்றும் கேட்பார்கள். எங்கள் ஊர் தீர்த்தங்களும் குளங்களும் நிறைந்த கோயில் நகரம். நல்ல மனத்தோடுதான் விடுகிறார்கள். ஆனால் ஒரு மீனுக்கு இரக்கப்பட்டு, அந்தக் குளத்திலுள்ள ஆயிரம் மீனின் இரையைப் பறித்தால் அதை இரக்கம் என்று சொல்லலாமா? வளர்க்க முடியாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பள்ளித் தொட்டிக்குக் கொடுங்கள். வளர்க்கத் தெரிந்த நண்பனுக்குக் கொடுங்கள். உள்ளூர் மீனைக்கூட, கடை மீன்களோடு ஒரே தொட்டியில் இருந்தபின் ஏரியில் விட வேண்டாம். கடை மீனின் நோய் அதன் வழியே ஏரிக்குப் போகும்.

வாங்கும் முன்

மீன் வாங்கப் புறப்படுமுன் ஒரு வாரம் ஒரு சோதனை செய்யுங்கள். தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வாளி நீர் வைத்து, காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் வெப்பநிலையை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். சோப்புச் சோதனையின் முடிவையும் எழுதுங்கள். அந்த நோட்டைப் பார்த்தாலே எந்த மீன் உங்களுக்கு எளிய மீன் என்பது பாதி தெரிந்துவிடும்.

அதே பக்கத்தின் கீழே, ‘இந்த மீன் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம்? பெருகினால் யாரிடம் கொடுப்பேன்?’ என்ற இரண்டு கேள்விகளையும் எழுதிப் பதில் எழுதுங்கள். பதில் கிடைக்காத மீனை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், கடைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.